பாக் வீட்டுக்கு வந்தார், அப்புறம்?

இதைப் படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. இயர்போனை எடுத்து மாட்டிக்கோங்க. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' ஆல்பத்தில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு டிராக் இருக்கும், அதைப் போடுங்க. ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதிதான் காதுக்கு வரும், ஹாஸ்டல் மெஸ்ஸில் வைத்துக் கேட்டால் அதுவும் வராது. ஒருதடவை முழுசா கேட்டுட்டு வாங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்.

கேட்டாச்சா? அதில் நிற்காமல் ஓடுகிற தனி வயலின் இருக்கிறதே, அதை எழுதியது இளையராஜா இல்லை. யோஹான் செபாஸ்டியன் பாக். 1720ஆம் ஆண்டு தேதியிட்ட கையெழுத்துப் பிரதியில் இருக்கும் மூன்றாவது பார்ட்டிட்டாவின் முதல் பகுதி அது, ஈ மேஜரில். அந்த வயலினைச் சுற்றி வருகிற தந்திகள் இளையராஜா எழுதியவை. வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். ஆல்பம் வந்தது 1986இல்.

சரி, இதை ஏன் இப்போ எழுதுறேன்னு சொல்லிடறேன். போன கல்ச்சுரல்ஸில் நாங்கள் மூன்று பேர் இதே பாக் துண்டை எடுத்து, நடுவில் சங்கராபரணத்தில் கொஞ்சம் ஸ்வரம் சேர்த்து மேடையில் வாசித்தோம். நான் சர்ச் பாடகர் குழுவில் வயலின் பழகியவன். என் ரூம்மேட் ஏழு வயசிலிருந்து கர்நாடக வயலின். இன்னொருத்தன் கஹோன். வாசிச்சு முடிச்சதும் கைதட்டல் நல்லாவே வந்தது. ஆனால் நடுவர் மைக்கை வாங்கி, "இது வெஸ்டர்னும் இல்லை, கர்நாடிக்கும் இல்லை. பெரியவங்க பண்ணினதைக் கெடுக்காதீங்க" என்றார். எனக்கு ஒரு நாள் கோபம், அவ்வளவுதான். ரூம்மேட் மட்டும் வயலினைப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவன் இன்னும் எடுக்கவில்லை. இது எட்டாவது செமஸ்டர். கடைசி கல்ச்சுரல்ஸ் வருது, "நான் வரல"ன்னு ஒரே பிடிவாதம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்கு, மீதி பாதி அவனுக்கு.

நடுவர் சொன்னதில் எனக்கு உறைத்தது 'கெடுக்காதீங்க' என்ற சொல். கெடுக்கணும்னா முதலில் கெடாத ஒன்று இருக்கணும் இல்லையா? அதைத் தேடிப் போனேன். தேடின இடத்தில் முதலில் அகப்பட்டவர் பாக்கேதான்.

அந்த வயலின் துண்டை பாக் தானே பிரித்து மேய்ந்திருக்கிறார். 1731இல் லைப்சிக் நகர சபைக்காக ஒரு கான்டாட்டா எழுத வேண்டியிருந்தது. இதே துண்டை எடுத்து, வயலின் வாசிக்க வேண்டியதை ஆர்கனுக்குக் கொடுத்து, ஈ மேஜரை டி மேஜராக இறக்கி, மேலே டிரம்பெட்டும் முரசும் ஏற்றிவிட்டார். ஒற்றை வயலின் தனியாக வாசிக்கிற அந்தரங்கமான ஒன்றை, ஊர்வலத்துக்கு ஆகிற மாதிரி மாற்றியிருக்கிறார். எங்க நடுவர் அன்றைக்கு லைப்சிக்கில் உட்கார்ந்திருந்தால் பாக்குக்கும் மார்க் குறைந்திருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு வரிசையே வருகிறது. 1850களில் ஷூமான், பாக்கின் தனி வயலின் படைப்புகள் எல்லாவற்றுக்கும் பியானோ பக்கவாத்தியம் எழுதினார். 1933இல் ரஹ்மானினாஃப் இந்தத் துண்டை முழுக்கப் பியானோவுக்கு மாற்றினார். வெறும் பியானோவுக்கு மாற்றினதோடு விடாமல், பாக் எழுதாத குரல்களை உள்ளே நுழைத்திருக்கிறார். ஆக, 1986இல் சென்னையில் ஒருத்தர் இதைச் சுற்றித் தன் தந்திகளை எழுதியபோது அது புது அத்துமீறல் ஒன்றும் இல்லை. இருநூற்றைம்பது வருஷமாக நடக்கிற ஒரு வேலையில் அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.

இப்போ கொஞ்சம் டெக்னிக்கல் பகுதி. சர்க்யூட் தியரி மாதிரி இருக்காது, பயப்படாதீங்க.

மேற்கத்திய வயலினில் நான்கு தந்திகள்: ஜி, டி, ஏ, ஈ. ஏ 440 ஹெர்ட்ஸ் என்றால் மேலே இருக்கும் ஈ கிட்டத்தட்ட 660. அதாவது 3:2. ஒவ்வொரு தந்திக்கும் அடுத்ததுக்கும் இதே விகிதம்தான். நம்ம பாஷையில் சொன்னால் ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமம். பாக் இந்தத் துண்டுக்கு ஈ மேஜரை எடுத்ததில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஈ தந்தியை விரலே வைக்காமல் திறந்து வாசிக்கலாம். அதே ஈ சுரத்தைப் பக்கத்து ஏ தந்தியில் சுண்டுவிரலை அழுத்தியும் வாசிக்கலாம். சுரம் ஒன்று, ஆனால் நிறம் வேற. திறந்த தந்தி பளிச்சென்று கத்தும், அழுத்தின தந்தி கொஞ்சம் அடங்கிப் பேசும். வில்லை இரண்டுக்கும் நடுவில் வேகமாக ஆட்டினால் ஒரே சுரம் மின்னி மின்னி வரும். கொஞ்ச நேரத்தில் டி தந்தியும் சேர்ந்துகொள்ளும், மூன்று தந்தியில் வில் உருண்டு ஓடும். ஒருத்தர் வாசிப்பது நமக்கு இரண்டு மூன்று பேர் வாசிப்பதாகக் கேட்பது இதனால்தான். மொத்தம் 138 பார், ஏறக்குறைய முழுக்கப் பதினாறாம் சுரங்கள், மூச்சு விட இடம் கிடையாது. நான் முதலில் பழகும்போது வலது தோள் இரண்டு நாள் வலித்தது.

இனி ரூம்மேட் பக்கம். கர்நாடக வயலினில் மரமும் தந்தியும் அதேதான், சுருதி சேர்ப்பது வேற. ஸ–ப–ஸ–ப. கீழ் ஸட்ஜமம், பஞ்சமம், மேல் ஸட்ஜமம், அதன் பஞ்சமம். அப்போ ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பஞ்சமம், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் மத்யமம், திரும்பப் பஞ்சமம். தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி உட்கார்வார்கள். நான் மோவாய்க்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்பேன், என் இடது கைக்கு வயலினைத் தாங்குகிற பொறுப்பும் கொஞ்சம் உண்டு. அவன் கைக்கு அந்தக் கவலையே இல்லை. மேலேயும் கீழேயும் வழுக்கிக்கொண்டே போகலாம். கமகம் என்பதே அந்த வழுக்கலில்தான் வாழ்கிறது.

இதை வைத்துப் பாக்கை வாசிக்க முடியுமா? நாங்கள் முயற்சி பண்ணிப் பார்த்தோம். ஏ சுரத்தை ஸட்ஜமமாக வைத்தால் மேலே இருக்கும் இரண்டு தந்தியும் அதே ஏ, ஈ தான். இரண்டு தந்தி மின்னல் அப்படியே வரும். மூன்றாவது தந்தி வந்ததும் எல்லாம் குழம்பும், ஏன்னா அங்கே டி இருக்க வேண்டிய இடத்தில் ஈ இருக்கிறது. ஒரு முழுச் சுரம் ஏற்றம். பதினாலு வருஷமாகப் பழகின விரல் போய் நிற்கிற இடமெல்லாம் தப்பு. அவன் ஒரு வாரம் மண்டையை உடைத்து, அந்தத் தந்திக்கு மட்டும் புது விரல் கணக்கு எழுதி மனப்பாடம் பண்ணினான். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்ததை நான் பார்த்தேன். இதைத்தான் 'கெடுத்தீங்க' என்று நடுவர் சொன்னார். அவருக்கு அந்தப் பக்கம் தெரியாது, சொல்லிக் குற்றமில்லை.

ராஜாவின் ஆல்பத்துக்குத் திரும்புவோம். அதை அவர் சமர்ப்பித்தது இரண்டு பேருக்கு: தியாகராஜர், பாக். பாக்கை வீட்டில் சந்தித்த டிராக் முடிந்ததும் அடுத்த டிராக் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. வந்தவரோடு உட்கார்ந்து பேசியாச்சு என்று அர்த்தம். இன்னொரு டிராக்கின் பெயர் தியாகராஜரைச் சேம்பர் இசை வரவேற்கிறது என்று சொல்லும். பெயர்களைப் படித்தாலே, விருந்தாளிக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, தன் வீட்டுப் பெரியவரையும் அறிமுகப்படுத்துகிற மாதிரி இருக்கும். எனக்கு இந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இந்த மரியாதைதான். சில இடங்களில் டிரம்ஸ் எண்பதுகளின் வாசனையோடு இருக்கிறது, இன்றைக்குக் கேட்டால் கொஞ்சம் பழசு தட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராஜா ரசிகர்கள் கமென்டில் அடிக்க வராதீங்க, நானும் ரசிகன்தான்.

நான் இதை முதலில் கேட்டது தக்கலையில், சித்தப்பா வீட்டு மாடியில். சித்தப்பாகிட்ட கேசட் இருந்தது, கவர் கிழிந்து செலோடேப் ஒட்டினது. "மக்கா, பாட்டே இல்லாத பாட்டு கேட்டிருக்கியா?" என்று கேட்டுத்தான் போட்டார். அப்போ நான் ஒன்பதாம் வகுப்பு. பாக் என்றால் சர்ச் ஆர்கன் வாசிக்கிற பெரியவர் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

சித்தப்பா அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். "வயலினே நமக்கு வெளியூர்க்காரன்தான் லேய்." அது எவ்வளவு உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்தது. ஜார்ஜ் கோட்டையில் கும்பினி பேண்டு வாசிப்பதை அண்ணனும் தம்பியும் கேட்டார்கள். தம்பி ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டு, அதைக் கர்நாடக சங்கீதத்துக்குத் திருப்பினார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்துவான் ஆனார். அண்ணனோ பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவற்றுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். மேஜர் ஸ்கேல் நம்ம சங்கராபரணத்து ஸ்வரங்களோடு ஒத்துப்போவதால் எல்லாம் அந்த ஸ்வரங்களில்தான். பிரிட்டிஷ் ராஜாவைக் காப்பாற்றச் சொல்லும் அவர்கள் தேசிய கீத மெட்டிலேயே அம்பாள் மேல் ஒன்று இருக்கிறது. யோசித்துப் பாருங்க, கோட்டைக்குள் சிப்பாய் விறைப்பாக நின்று கேட்கிற மெட்டு, வெளியே வந்து சியாமளா தேவியின் பாட்டாகிவிட்டது.

தீட்சிதரின் சீடர் வடிவேலு, தஞ்சை நால்வரில் கடைக்குட்டி. அவர்தான் வயலினை நம்ம பக்கம் கொண்டுவந்தவர். திருவிதாங்கூரில் ஸ்வாதித் திருநாள் அரசவைக்கு வந்து, 1834இல் மகாராஜாவிடம் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாக வாங்கினார். வெளியூர் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: தக்கலை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்தான். பழைய தலைநகரமான பத்மநாபபுரம் எங்க பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். இப்பவும் வருஷா வருஷம் நவராத்திரிக்கு அரண்மனையிலிருந்து சரஸ்வதி, குமாரகோவில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். அங்கே நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் ஸ்வாதித் திருநாள் கிருதிகளோடு கச்சேரி நடக்கும். வயலின் இல்லாமல் அந்தக் கச்சேரியை இன்று யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். எங்க ஊர் சரஸ்வதியைப் பாட ஓர் ஐரோப்பிய வாத்தியம் துணை போகிறது, யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. இருநூறு வருஷம் பழகினால் வெளியூர்க்காரன் வீட்டுக்காரன் ஆகிவிடுவான்.

குன்னக்குடி வைத்தியநாதனை இங்கே விட்டுவிட்டுப் போனால் எங்க அப்பா இந்த இதழைப் படிக்க மாட்டார். பக்கவாத்தியமாக ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயலினை நடு மேடைக்கு இழுத்து, தவிலோடு மோதவிட்டு, சினிமாப் பாட்டையும் வாசித்தவர். 'சர்க்கஸ்' என்று அவரைத் திட்டினவர்கள் உண்டு. ஆனால் சபா வாசலை மிதிக்காத கூட்டம் கோயில் திருவிழாவில் நின்று வயலின் கேட்டது அவரால்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். பாக்கை வாசித்த அதே நரசிம்மன், மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்று ஒரு குழு தொடங்கினார். இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேற்கில் ஹைடன் காலத்திலிருந்து இருக்கிற அமைப்பு. அதில் அவர்கள் வாசித்தது கர்நாடகக் கிருதிகள். முதல் வயலின் கிருதியைக் கமகத்தோடு வாசிக்க, மற்ற மூன்றும் அடியில் ஹார்மனி கொடுக்கும். சொல்ல எளிது. கமகத்தில் ஒரு ஸ்வரம் ஓர் இடத்தில் நிற்காது, இரண்டு இடத்துக்கு நடுவில் அசைந்துகொண்டே இருக்கும். கார்டில் உள்ள சுரமோ அசையாமல் நின்றே ஆகணும். ஊஞ்சலில் ஆடுகிற பிள்ளை கையில் கல்தூணைக் கொடுத்தால் எப்படி? அசைகிற ஸ்வரம் வரும் நேரத்தில் அடியில் இருக்கிற மூன்று பேரும் அதைத் தொடாமல் விலகி நிற்கணும், அது இறங்கி நின்றதும் வந்து பிடிக்கணும். அப்படித்தான் அதை நான் கேட்கிறேன். எங்கள் கல்ச்சுரல்ஸ் வாசிப்பில் உண்மையான தப்பு இங்கேதான் இருந்தது. ரூம்மேட் காந்தாரத்தை அசைக்கும்போது நான் கீழே அதே காந்தாரத்தை நீட்டமாக இழுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் உரசிக் கரகரவென்றது. நடுவர் காதில் விழுந்தது அந்த உரசல்தான் என்று நினைக்கிறேன். பாக் மேலேயும் தப்பில்லை, சங்கராபரணம் மேலேயும் தப்பில்லை. தப்பு என் இடது கை இரண்டாம் விரல்.

உலகத்தில் மற்ற இடங்களில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பகனினியின் 24ஆவது காப்ரிஸ், 1820இல் அச்சானது. வயலின்காரர்களின் ஜேஇஇ அட்வான்ஸ்டு என்று வைத்துக்கோங்க. அதை லிஸ்ட் எடுத்தார், பிராம்ஸ் எடுத்தார், 1934இல் ரஹ்மானினாஃப் எடுத்தார். அவருடைய 18ஆவது வேரியேஷனில் பகனினியின் மெட்டைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பார். ஏறுகிற இடமெல்லாம் இறங்கும், இறங்குகிற இடமெல்லாம் ஏறும். சிக்னல்ஸ் படித்தவங்க மைனஸ் ஒன்றால் பெருக்குகிறதை நினைத்துக்கோங்க. ஆனால் காதுக்கு அது காதல் பாட்டு. 1977இல் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் அதே மெட்டைத் தன் தம்பியின் செல்லோவுக்கும் ராக் பேண்டுக்கும் எழுதினார். 2012இல் மாக்ஸ் ரிக்டர், விவால்டியின் நான்கு பருவங்களை எடுத்து முக்கால்வாசியைத் தூக்கிப்போட்டு, மிச்சத்தைச் சுழலவிட்டார். எனக்கு அதில் வசந்தம் பிடிக்கும், மற்றது பரீட்சைக்குப் படிக்கும்போது ஓடவிடத்தான் ஆகும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம், ரீல்ஸ் போடுகிறவர்களுக்கு. கல்ச்சுரல்ஸுக்கு முன்னால் நாங்கள் பாக் பகுதியை மட்டும் அறையில் வாசித்துப் பதிவு பண்ணி ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் காப்புரிமை உரிமைகோரல், சத்தம் கட். நான் வாசித்தது, என் வயலின், என் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம்கூட அதில் இருக்கிறது! இந்தியச் சட்டப்படி இசையமைப்பாளர் இறந்து 60 வருஷம் வரைதான் அவர் படைப்புக்குக் காப்புரிமை. பாக் இறந்தது 1750. அவர் எழுதிய சுரம் யாருக்கும் சொந்தமில்லை, அதாவது எல்லாருக்கும் சொந்தம். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, வெளியான வருஷத்திலிருந்து 60. அதனால் ராஜாவின் 1986 பதிவை வெட்டி உங்க வீடியோவில் ஒட்டக் கூடாது. அவர் பாக்கைச் சுற்றி எழுதிய தந்திகளும் அவருடையவை. பாக்கின் வரியை நீங்களே வாசிக்கலாம், மாற்றலாம், சங்கராபரணத்தைக் கூடச் சேர்க்கலாம்.

அப்புறம் ஏன் பிடித்தது? இந்தச் சாஃப்ட்வேர்கள் ஒலியை நேரம்–அதிர்வெண் படமாக மாற்றி, அதில் தூக்கலாகத் தெரியும் புள்ளிகளை ஒப்பிடும். சினிமாப் பாட்டு என்றால் கவர் பாடுகிறவர் எதையாவது மாற்றியிருப்பார். பாக்கை வாசிக்கிறவர்கள் எல்லாரும் அதே சுரங்களை, ஏறக்குறைய அதே வேகத்தில் வாசிப்பார்கள். மெஷினுக்கு நாமெல்லாம் ஒரே ஆள். 2018இல் ஜேம்ஸ் ரோட்ஸ் என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞர் தன் வீட்டில் வாசித்த பாக்கின் 47 விநாடிகள் தங்களுடையது என்று சோனி பெயரில் உரிமைகோரல் வந்து, அவர் வெளியே சொல்லிப் பெரிய சர்ச்சையான பிறகுதான் விலகியது. எங்களுக்குப் பதினோரு நாள் ஆச்சு. மறுப்பு எழுதும்போது படைப்பின் பெயர், இறந்த வருஷம், வாசித்தது நீங்களே என்பது, இந்த மூன்றையும் தெளிவாக எழுதுங்க. கெஞ்சாதீங்க.

ஒரு பக்கம் மனுஷ நடுவர், நாங்கள் பாக் மாதிரி இல்லை என்கிறார். மறுபக்கம் மெஷின், நாங்கள் அச்சு அசல் பாக் மாதிரியே இருக்கோம் என்கிறது. ரெண்டு பேரையும் ஒரே ரூமில் விட்டுப் பூட்டினால் நல்லா இருக்கும்.

இப்போ நிலவரம். காந்தாரம் வருகிற ஐந்து இடத்தையும் குறித்துவிட்டேன். அங்கெல்லாம் நான் பஞ்சமத்துக்குப் போய் நிற்கிறேன், அவன் அசைக்கலாம், அசைத்து முடித்ததும் நான் வருகிறேன். இதை நேற்று ராத்திரி நான் மட்டும் தனியாக வாசித்து, அவன் பங்கு இருக்கிற இடத்தையெல்லாம் காலியாக விட்டுப் பதிவு பண்ணினேன். இதழ் வெளியாகிற அன்றைக்கு அந்த ஃபைலை அவனுக்கு அனுப்புவேன். மூன்றாவது தந்தி விரல் கணக்கு எழுதின பக்கத்தின் போட்டோவும் கூடவே. டேய், ஏ சுரத்தில் சுருதி சேர்த்து வை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு டிராயிங் ஹால் காலியாக இருக்கும், சாவி வாங்கிட்டேன்.